முடிவு தெரிந்தவர் பார்க்கும் படம்

முதலில் ஒரு எச்சரிக்கை. 'அந்த நாள்', 'புதிய பறவை', 'பாபநாசம்' மூன்று படங்களின் முடிவும் இந்தக் கட்டுரையில் வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம். ஆனால் முடிவு தெரிந்தால் ஒரு திரில்லர் நிஜமாகவே கெட்டுப்போகுமா என்பதுதான் இங்கே கேள்வியே. அதனால் படிப்பதும் படிக்காததும் உங்கள் இஷ்டம்.

2015 ஜூலையில் 'பாபநாசம்' வந்தபோது அப்பாவைத் தஞ்சாவூருக்குப் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். பெயரைக் கேட்டதும் உடனே கிளம்பிவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பாபநாசம் என்றால் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ரயில் நிற்கிற பாபநாசம்தான். "நம்ம பக்கத்துலயா படம் எடுத்திருக்காங்க?" என்று பஸ்ஸில் இரண்டு தடவை கேட்டார். படத்தில் கமல் வாயைத் திறந்து திருநெல்வேலித் தமிழ் பேசியதும், "அட, இது தாமிரபரணி பாபநாசமாடா?" என்று சத்தமாகவே சிரித்தார். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இடைவேளை வரைக்கும் நன்றாகத்தான் பார்த்தார். இரண்டாம் பாதியில், போலீஸ்காரர்கள் குடும்பத்தையே அடிக்கிறார்களே, கடைசியில் சின்னப் பெண்ணிடம் திரும்புகிறார்களே, அந்த இடத்தில் எழுந்து வெளியே போனார். ஐந்து நிமிஷம் ஆயிற்று, வரவில்லை. போய்ப் பார்த்தேன். கேன்டீன் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் புள்ள சொல்லிடுதா?"

"வந்து பாருங்கப்பா."

"மாட்டிக்கிறாங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

நான் மலையாளத்தில் 'த்ரிஷ்யம்' ஏற்கெனவே பார்த்திருந்தேன். எனக்கு எல்லாமே தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. "சொல்லிட்டா என்னப்பா சுவாரசியம் இருக்கு?" என்றேன். சினிமாவைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும் என்கிற திமிர் அது, இப்போது யோசித்தால் தெரிகிறது.

"அப்ப நீ போய்ப் பாரு. நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

பக்கத்து சீட் காலியாக இருக்க, மீதிப் படத்தைப் பார்த்தேன். உரக்குழியைத் தோண்டுகிற காட்சியில் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் வியர்த்தது.

முடிவு தெரிந்த நான் உள்ளே பதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிவு தெரியாத அப்பா, தெரியாததைத் தாங்க முடியாமல் வெளியே இருந்தார். திரில்லரின் உயிரே 'அடுத்து என்ன' என்று தெரியாமல் இருப்பதுதான் என்றால் இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வி சில வருஷங்களாக என்னைவிட்டுப் போகவில்லை. அதைத் துரத்திக்கொண்டு போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே பையில் மூன்று சரக்கு

திரில்லர் என்று நாம் ஒரே பையில் போட்டு வைத்திருப்பதில் மூன்று தனித்தனிச் சரக்கு இருக்கிறது. ஒன்று மர்மம். நடந்து முடிந்துவிட்ட ஒன்றைப் பற்றிய கேள்வி: யார் கொன்றது, எதற்கு? இரண்டாவது அதிர்ச்சி. எதிர்பாராத ஒன்று சட்டென்று நடக்கிறது, ஒரு நொடியில் தீர்ந்துபோகிறது. மூன்றாவதுதான் சஸ்பென்ஸ், பதைப்பு. இனிமேல் நடக்கப்போவதைப் பற்றிய கவலை.

பின்னிரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவோடு நடத்திய நீண்ட உரையாடலில் விளக்கினார். பின்னால் அது புத்தகமாகவும் வந்தது. அவருடைய உதாரணம் இதுதான். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேஜைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குப் பதினைந்து நொடி அதிர்ச்சி. இப்போது அதே காட்சியில், குண்டு இருப்பதையும் அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதையும் முன்கூட்டியே பார்ப்பவருக்குக் காட்டிவிடுங்கள். அதே சப்பென்ற பேச்சு பதினைந்து நிமிஷம் நம்மை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்துவிடும். மேஜையில் இருக்கிற இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது, நமக்குத் தெரியும். அதுதான் காரணம்.

ஆக, திரில்லர் என்பது தகவலைப் பங்கு போடுகிற கலை. பாத்திரத்தைவிட நமக்குக் குறைவாகத் தெரிந்தால் மர்மம். இரண்டு பேருக்கும் ஒரே அளவு தெரிந்தால் அதிர்ச்சிக்கு வழி. பாத்திரத்தைவிட நமக்கு அதிகம் தெரிந்தால் பதைப்பு. பதைப்பு வேண்டுமென்றால் கதை சொல்பவர் நமக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்துக்கொண்டே இருந்தால் பதைப்பு வராது. 'திரில்லர்னா கடைசி வரைக்கும் மறைக்கணும்' என்று நாம் நினைப்பதில் பாதிதான் உண்மை.

வடுவூரிலிருந்து வந்த சாமியார்

இந்தப் பங்கு போடும் வேலையில் டெல்டாவுக்கு ஒரு பழைய உறவு உண்டு. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற வழியில் வடுவூர். இன்றைக்கு அந்த ஊர் ஏரிக்கு வருகிற பறவைகளுக்காகப் பெயர் பெற்றது. நூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ் வாசகர்களுக்கு வடுவூர் என்றால் துரைசாமி ஐயங்கார். 1880இல் பிறந்து 1942இல் மறைந்த அவர் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்தவர். அவருடைய 'மேனகா' 1935இல் படமாக வந்தது. 'கும்பகோணம் வக்கீல்' கதையைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் 'திகம்பர சாமியார்' என்று எடுத்தது. டி.ஆர். சுந்தரம் இயக்கினார். பின்னால் தமிழ் சினிமாவின் நிரந்தர வில்லனான நம்பியார் அதில் கதாநாயகன். வேடம் மாற்றி மாற்றி வந்து குற்றத்தை வெளிக்கொண்டுவருகிற சாமியார்.

மாறுவேடம் என்கிற பழைய உத்தியை இப்போது பார்த்தால் சிரிப்புதான் வரும். ஒரு ஒட்டுமீசை வைத்தால் ஆளே தெரியாமல் போகுமா? ஆனால் அது யாரை ஏமாற்ற வைத்த மீசை என்று பாருங்கள். நம்மை ஏமாற்ற அல்ல. திரையில் நம்பியாரின் முகம் நமக்குத் தெரிந்த முகம். வில்லனுக்குத்தான் தெரியாது. நாம் சாமியாரின் கூட்டாளியாகி உட்கார்ந்து, 'இப்போ கண்டுபிடிச்சிடுவானோ' என்று பதைக்கிறோம். குண்டு மேஜைக்கு அடியில் இருந்தால் என்ன, மீசைக்கு அடியில் இருந்தால் என்ன, கணக்கு ஒன்றுதான்.

சுடப்பட்ட கதாநாயகன்

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' (1954). பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம். வீணை வித்வான் ஒருவர் பாட்டே வேண்டாம் என்று முடிவு செய்தது தனிக் கதை.

படம் ஆரம்பித்த உடனே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். தஞ்சாவூர் பக்கத்துச் சூரக்கோட்டைக் குடும்பத்துப் பிள்ளை, 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அவரைப் படத்தின் தொடக்கத்திலேயே பிணமாக்கிவிட்டார்கள். 1943இல் சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. செத்தவன் ராஜன், ரேடியோ என்ஜினியர். தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், மனைவி என்று ஒவ்வொருவராகத் தங்கள் பக்கத்தைச் சொல்ல, ஆள் ஆளுக்கு வேறு ஒரு ராஜன் வெளியே வருகிறான். குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) பாதிப்பு வெளிப்படையாகவே தெரியும். கடைசியில், எதிரிக்கு நாட்டின் ரகசியத்தை விற்ற கணவனைத் தடுக்கப் போன மனைவி உஷாவின் கைத்துப்பாக்கிதான் அவனைக் கொன்றது என்று தெரிகிறது. பண்டரிபாய் நடித்த பாத்திரம்.

இது சுத்தமான மர்மம். நமக்குக் குறைவாகத் தெரியும், திரையில் இருக்கிற யாரோ ஒருவருக்கு முழுதும் தெரியும். முதல் வெளியீட்டில் படம் பெரிதாக ஓடவில்லை. இன்றைக்கு அதைத் திரும்பப் பார்க்கிறவர்கள் 'யார் கொன்றது' என்று தெரிந்துகொண்டா பார்க்கிறார்கள், தெரியாமலா? பெரும்பாலும் தெரிந்துகொண்டுதான். அப்போது கவனம் வேறு இடத்துக்குப் போகிறது: புருஷன்மேல் உயிரை வைத்திருக்கிற ஒரு பெண்ணின் முகத்துக்கு. அவள் வாய் திறக்கப்போகிற நிமிஷத்துக்காக நாம் காத்திருக்க ஆரம்பிக்கிறோம். மர்மமாக எடுத்த படம், இரண்டாம் தடவை பார்க்கும்போது பதைப்பாக மாறிவிடுகிறது.

'புதிய பறவை'யில் (1964) இது இன்னும் தெளிவு. தாதா மிராசி இயக்கியது. வங்காளத்து 'சேஷ் அங்கா'வின் (1963) மறு ஆக்கம். அதற்கும் மூலம் 'சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ' (1958) என்கிற ஆங்கிலப் படம். கோபாலின் மனைவி இறந்துவிட்டாள். அவன் லதாவைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற நேரத்தில், 'நான்தான் உன் மனைவி' என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். கோபால் கதறுகிறான், யாருமே நம்பவில்லை. நாம் மட்டும் அவன் பக்கம் நிற்கிறோம். கடைசியில், இவள் தன் மனைவி இல்லை என்று நிரூபிக்க அவனுக்கு ஒரே வழிதான் மிச்சம்: மனைவியைத் தானே கொன்றதாக ஒப்புக்கொள்வது. ஒப்புக்கொள்கிறான். சுற்றி நின்ற எல்லோரும் போலீஸ். காதலித்த லதா உட்பட.

முதல் தடவை பார்க்கும்போது அப்பாவி ஒருவனைச் சுற்றி வலை பின்னுகிற கதை. இரண்டாம் தடவை அதே காட்சிகளில் சரோஜாதேவியைப் பாருங்கள். கடமைக்காக வந்தவள் மனசைப் பறிகொடுத்துவிட்டுத் தவிக்கிற கதை தெரியும். முடிவு தெரிந்ததால் கெட்டுப்போகவில்லை. முடிவு தெரிந்தால்தான் இந்த இரண்டாவது படம் கண்ணுக்கே தெரியும்.

பாபநாசத்தின் கணக்கு

'பாபநாசம்' இந்த இரண்டு வழியையும் சேர்த்து முடிச்சுப் போட்ட படம். ஜீத்து ஜோசப் தன் 'த்ரிஷ்யம்' (2013) படத்தைத் தானே தமிழில் எடுத்தார். கொலை நம் கண் முன்னால்தான் நடக்கிறது. யார் செய்தது, ஏன் செய்தது, எல்லாம் தெரியும். இறந்த பையன் போலீஸ் ஐ.ஜி.யின் மகன் என்பதும் தெரியும். கேபிள் டிவி நடத்துகிற சுயம்புலிங்கம், சினிமா பார்த்துப் பார்த்துக் கற்றதை வைத்துக் குடும்பத்துக்கு ஒரு பொய்யான நாளைத் தயாரிக்கிறார். பஸ் டிக்கெட், சாப்பாட்டு பில், சினிமா டிக்கெட். சாட்சிகள் பொய் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தை அவர்கள் நிஜமாகவே பார்த்தார்கள், தேதிதான் அவர்கள் மனதில் மாற்றி நடப்பட்டிருக்கிறது. நாமும் மேஜைக்கு அடியில் இருக்கிற குண்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம்.

ஒன்றே ஒன்றை மட்டும் படம் நம்மிடமிருந்தும் மறைக்கிறது: உடல் எங்கே? அதைக் கடைசியில் திறக்கிறது. புதிதாகக் கட்டிய போலீஸ் ஸ்டேஷனின் தரைக்கு அடியில். முழுக்கப் பதைப்பு, கடைசியில் ஒரே ஒரு சொட்டு அதிர்ச்சி.

இங்கே இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்டிப்போவது நேர்மை இல்லை. தகவலைப் பங்கு போடும்போது திரில்லர் நம்மைக் கூட்டாளியாகவும் ஆக்கிவிடுகிறது. ஒரு தாய் தன் மகனைத் தேடுகிறாள். அவள் தேடுவது கிடைக்கக் கூடாது என்று தியேட்டர் முழுக்க வேண்டிக்கொள்கிறது. அவள் போலீஸ் அதிகாரி, அத்துமீறினாள், எல்லாம் சரி. ஆனால் பதவியை விட்டுவிட்டு வெறும் அம்மாவாக வந்து நிற்கும்போதுதான் நாம் இவ்வளவு நேரம் எதற்குக் கைதட்டினோம் என்று உறைக்கிறது. நல்ல திரில்லர் நம்மைப் பதைக்க வைத்துவிட்டு விடுவதில்லை. யாருக்காகப் பதைத்தோம் என்ற கணக்கையும் கடைசியில் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது.

மெலட்டூரில் ஒரு ராத்திரி

இவ்வளவும் சொன்ன பிறகும் என் கேள்வி பாக்கி இருக்கிறது. குண்டு இருப்பது தெரிந்தால் பதைப்பு வரும், சரி. அது வெடிக்காது என்பதும் தெரிந்த பிறகு எனக்கு ஏன் கை வியர்த்தது?

விடை சினிமாவில் கிடைக்கவில்லை. நம்ம பாபநாசம் தாலுகாவிலேயே கிடைத்தது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் மெலட்டூர். ஒவ்வொரு வருஷமும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா நடக்கும். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாட்டிய நாடகங்கள். பெண் வேடம் உட்பட எல்லாவற்றையும் ஆண்களே போடுவார்கள். அதில் முக்கியமானது பிரகலாத சரித்திரம். ராத்திரி ஆரம்பித்தால் விடியும் வரைக்கும் போகும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார்.

வசனம் தெலுங்கு, எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கதையோ எல்லோருக்கும் தெரிந்தது. தூணிலிருந்து நரசிம்மர் வருவார், இரணியன் தொலைவான். இதில் சஸ்பென்ஸ் என்று சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அந்த நேரம் நெருங்க நெருங்கக் கூட்டத்தில் ஒருத்தர் அசையவில்லை. நரசிம்மர் முகமூடி கோயிலில் வைத்துப் பூஜை செய்யப்படுவது. அதை அணிபவர் விரதம் இருந்து அணிவார். அணிந்ததும் ஆவேசம் வரும். இரணியனாக நடிப்பவர்மேல் பாய்ந்துவிடாமல் பக்கத்தில் ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். நான் அப்பா கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கை என் கையைவிட இறுக்கமாக இருந்தது.

'பாபநாச'த்தில் எழுந்து போன அதே மனுஷன், அன்றைக்கு விடிய விடிய எழுந்திருக்கவில்லை.

தெரிந்த கதையிலும் பதைப்பு வருவதைப் பற்றி அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1989இல் ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு வரலாற்று நிகழ்ச்சியைப் பதைப்பு வருகிற மாதிரி எழுதிப் படிக்கக் கொடுத்தார். பிறகு, அது நடந்ததா என்று கேட்டார். சாதாரணமாக எழுதியதைப் படித்தவர்களைவிட இவர்கள் பதில் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். தெரிந்த விஷயமே கதைக்குள் போனதும் கொஞ்ச நேரம் தெரியாததாகிவிடுகிறது. மனசின் ஒரு பகுதிக்கு முடிவு தெரியும். கதையோடு நடந்து போகிற இன்னொரு பகுதிக்கு இந்த நிமிஷம் மட்டும்தான் தெரியும்.

2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு பேர் இன்னும் நேரடியாகவே சோதித்தார்கள். சிறுகதைகளைச் சிலருக்கு அப்படியே கொடுத்தார்கள், சிலருக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிட்டுக் கொடுத்தார்கள். மொத்தத்தில், முடிவு தெரிந்து படித்தவர்களே கதையை அதிகம் ரசித்ததாக மதிப்பெண் போட்டார்கள். துப்பறியும் கதைகளிலும் இப்படித்தான். பின்னால் வந்த வேறு ஆய்வுகளில் இதற்கு எதிரான முடிவும் கிடைத்திருக்கிறது. அதனால் 'ஸ்பாய்லர் நல்லது' என்று நான் கொடி பிடிக்க வரவில்லை. ஆனால் முடிவு தெரிந்தால் எல்லாம் போச்சு என்கிற பேச்சு நிற்காது என்பது மட்டும் நிச்சயம்.

யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்

ஆனால் அப்பா ஏன் எழுந்து போனார் என்பதற்கு இந்த ஆய்வுகளில் பதில் இல்லை. அதற்கு ஆற்றைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் ஊர் கடைமடை. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்க வேண்டும். திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாக, மதகு மதகாகத் தாண்டிக் கடைசியில்தான் எங்களுக்கு. எல்லோரும் எடுத்த பிறகு மிச்சம் இருந்தால் எங்களுக்கு. ஜூன் பிறந்துவிட்டால் அப்பா பேப்பரில் முதலில் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டம். மொத்தம் 120 அடி, இன்றைக்கு எத்தனை அடி?

2012இல் ஜூன் 12 வந்தது, போனது. ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. அணை திறந்தது செப்டம்பர் 17ஆம் தேதி. குறுவை என்ற பேச்சே இல்லை. அந்த மூன்று மாதமும் அப்பா தினமும் காலையில் வாய்க்கால் வரைக்கும் நடந்து போய்க் காய்ந்த மண்ணைப் பார்த்துவிட்டு வருவார். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம். சம்பாவுக்காவது விதை விடலாமா, கடன் வாங்கலாமா, வேண்டாமா? தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பிலிகுண்டுலுவில் அளக்கிறவர்களுக்குத் தெரியும். அணையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கல்லணையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கடைசியாகத் தெரிந்துகொள்கிறவர் கடைமடைக்காரர்.

ஹிட்ச்காக்கின் மேஜையை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள். நானெல்லாம் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து பழகியவன். மாதச் சம்பளம். குண்டு வெடித்தாலும் திரையில்தான் வெடிக்கும். அப்பா ஆயுசு முழுக்க அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர். என்ன நடக்கும் என்று தெரியாமல் காத்திருப்பது அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, அது ஜூன் மாதம்.

இப்போது எனக்கு ஒன்று புரிகிறது. திரில்லர் என்பது உத்தரவாதத்தோடு வருகிற பயம். கதாநாயகன் தப்பிப்பான், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, எவ்வளவு இழுத்தாலும் இரண்டரை மணி நேரத்தில் எல்லாம் தீரும், நடுவில் இடைவேளை விட்டு முறுக்கும் காப்பியும் கொடுப்பார்கள். 'இதெல்லாம் பழைய ஃபார்முலாப்பா' என்று நாம் கிண்டல் செய்கிற மரபுகள்தான் அந்த உத்தரவாதம். மெலட்டூரில் நரசிம்மரை இருபக்கமும் பிடித்துக்கொள்கிறார்களே, அந்த ஆட்கள் மாதிரி. அவர்கள் பிடியை விட மாட்டார்கள் என்று தெரிந்ததால்தான் நாம் இவ்வளவு கிட்டே உட்கார்ந்து ஆவேசத்தைப் பார்க்க முடிகிறது. நிறையப் படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பிடி பழக்கம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது என்று நம்புவோம். அப்பா அவ்வளவாகப் படம் பார்த்தவர் இல்லை. சீருடை போட்டவன் ஒரு குழந்தையை அடிப்பதைப் பார்த்தபோது அவர் கண்ணுக்கு எந்தப் பிடியும் தெரியவில்லை. அதனால் என்னிடம் கேட்டார். அவர் கேட்டது கதையின் முடிவை இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கையை. நான்தான் சுவாரசியம் கெட்டுவிடும் என்று கொடுக்கவில்லை.

சில மாதம் கழித்து டிவியில் 'பாபநாசம்' போட்டார்கள். அதற்குள் அம்மா என்னிடம் கதையைக் கேட்டுவிட்டு அப்பாவிடம் முழுக்கச் சொல்லியிருந்தார். நான் ஊரில் இருந்தேன். அதே காட்சி வந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. துண்டை முறுக்கிக் கையில் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "புள்ள சொல்லிடும். சொல்லட்டும். தோண்டினாலும் கெடைக்காது." சொன்னாரே தவிர, தோண்டி முடிக்கும்வரை அந்தத் துண்டு முறுக்கியபடியேதான் இருந்தது.

படம் முடிந்ததும், "நல்ல படம்டா. அன்னைக்கே பார்த்திருக்கலாம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் யாராவது ஒரு படத்தின் முடிவை என்னிடம் கேட்டால், எதற்குக் கேட்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறேன். வேண்டும் என்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். படத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது.